ஆல்-ஸ்டார் பயிற்சி வாரத்தில் கல்லூரி ஃபுட்பால் வீரர்களை எடைபோடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கம் வந்தால் அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். அணிகளின் ஸ்கவுட்டுகள் (வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள்), பயிற்சியாளர்கள், பொது மேலாளர்கள் எல்லோரும் அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே நடப்பது சீனியர் பவுல். கல்லூரிப் படிப்பை முடிக்கும் தேர்ந்த வீரர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து மோதும் ஆட்டம். அமெரிக்கன் ஃபுட்பாலைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இந்த வாரத்தைப் பற்றி வரும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் சீனியர் பவுலை வைத்தே பேசுகிறேன். மற்ற ஆட்டங்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

இப்படி எத்தனை ஆட்டங்கள் இருக்கின்றன?

முக்கியமானவை இரண்டு. பழையது ஈஸ்ட்-வெஸ்ட் ஷ்ரைன் ஆட்டம். 1925-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது. குழந்தைகளுக்கான ஷ்ரைனர்ஸ் மருத்துவமனைகளுக்கு நிதி திரட்டத்தான் அதைத் தொடங்கினார்கள். பல ஊர்கள் மாறி, 2024-இல் டெக்சாஸுக்கு வந்தது. சீனியர் பவுல் 1950-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஆரம்பித்து, அடுத்த ஆண்டே மொபைலுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஊர் மாறவில்லை. மைதானம் மட்டும் 2021-இல் லாட்-பீபிள்ஸ் அரங்கிலிருந்து சவுத் அலபாமா பல்கலைக்கழகத்தின் ஹான்காக் விட்னி அரங்குக்கு மாறியது.

என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மேலே போகக்கூடிய பெயர்கள் சீனியர் பவுலில்தான் அதிகம். அதற்காக ஷ்ரைன் ஆட்டத்தை ஒதுக்கிவிட வேண்டாம். பந்தை வீசும் குவாட்டர்பேக்காகப் பின்னாளில் பெரும் புகழ்பெற்ற டாம் பிரேடி 2000-இல் அதில் ஆடியவர். 2022 டிராஃப்டில் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் பிராக் பர்டியும் அங்கிருந்து வந்தவர்தான்.

ஆட்டத்தை விட்டுவிட்டு ஏன் பயிற்சியைப் பார்க்கிறார்கள்?

சனிக்கிழமை ஆட்டத்தில் இரண்டு பக்கமும் எளிமையான வியூகம்தான். சேர்ந்து ஆடிப் பழகாதவர்கள், சில நாளில் கற்ற சில திட்டங்களை வைத்து ஆடுகிறார்கள். ஆளை மாற்றி மாற்றி இறக்குவதால் ஒருவர் களத்தில் இருக்கும் நேரமும் குறைவு. எதிரணி பந்தைப் பிடிக்கவிடாமல் மறிக்கும் ஒரு கார்னர்பேக், பந்து தன் பக்கம் வராமலே முழு ஆட்டத்தையும் முடித்துவிடலாம்.

பயிற்சியில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. இரண்டு பேரை நேருக்கு நேர் நிறுத்தி, ‘ஆடு’ என்று சொல்லிவிடுவார்கள். வாஷிங்டனில் ஒரு கல்லூரியில் ஆடியவரும் ஜார்ஜியாவில் ஆடியவரும் கல்லூரி நாட்களில் ஒருமுறைகூட மோதியிருக்க மாட்டார்கள். இங்கே ஒரே நாளில் பல முறை மோதுவார்கள். அதனால்தான் வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் ஸ்கவுட்டுகளில் பலர் விமானம் ஏறிவிடுகிறார்கள், ஆட்டம் வரை இருப்பதில்லை.

2018 சீனியர் பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தில் குவாட்டர்பேக்குகளான பேக்கர் மேஃபீல்டும் ஜோஷ் ஆலனும் இருந்தார்கள். சிறந்த வீரர் விருதை வாங்கியது ரிச்மண்ட் கல்லூரியின் கைல் லாலெட்டா. சில மாதம் கழித்து டிராஃப்டில் மேஃபீல்ட் முதல் இடத்திலும் ஆலன் ஏழாவது இடத்திலும் போனார்கள். லாலெட்டா நான்காம் சுற்று வரை காத்திருந்தார். அணிகள் சனிக்கிழமைக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கின்றன என்பது இதிலேயே தெரியும்.

ஒரு நாள் பயிற்சியில் என்னென்ன நடக்கும்?

முதலில் உடலைச் சூடேற்றும் ஓட்டம். பிறகு அந்தந்த இடத்து வீரர்கள் தங்கள் பயிற்சியாளரோடு தனித்தனிக் குழுவாகப் பிரிவார்கள். அதன்பின் ஒருவருக்கு ஒருவர் மோதும் பயிற்சி. ஒரு மூலையில் ரிசீவர்களும் (வீசிய பந்தைப் பிடிப்பவர்கள்) கார்னர்பேக்குகளும், இன்னொரு மூலையில் இரண்டு பக்க லைன்மேன்களும் (முன்வரிசையில் மோதுபவர்கள்), வேறொரு பக்கம் ரன்னிங் பேக்குகளும் (பந்தோடு ஓடுபவர்கள்) லைன்பேக்கர்களும் (முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தற்காப்பு வீரர்கள்). இவை ஒரே நேரத்தில் நடப்பதால் எல்லாவற்றையும் ஒருவரே பார்க்க முடியாது. அணிகள் தங்கள் ஆட்களைப் பிரித்து நிறுத்துவது இதற்காகத்தான். அப்புறம் ஏழுக்கு ஏழு பாஸ் (பந்தை வீசிப் பிடிக்கும்) பயிற்சி, கடைசியில் பதினொருவருக்குப் பதினொருவர்.

குழுப் பயிற்சிதான் இதில் சலிப்பான பகுதி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்ததே அதுதான். பயிற்சியாளர் ஒரு புதிய கால்வைப்பைக் காட்டிவிட்டு நகர்ந்ததும், வரிசையில் நிற்கும்போதே அதைத் தனக்குள் செய்து பார்க்கும் வீரர் யார் என்பது அங்கேதான் தெரியும்.

நேருக்கு நேர் மோதலில் தோற்றால் அந்த வீரர் தேறமாட்டாரா?

அவசரப்பட வேண்டாம். இந்தப் பயிற்சிகள் ஒரு பக்கத்துக்குச் சாதகமாகவே அமைந்தவை. குவாட்டர்பேக்கைத் துரத்தும் டிஃபென்சிவ் லைன்மேனுக்கு இரண்டு பக்கமும் திறந்த வெளி. தடுப்பவருக்கோ பக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லை. ஓட்டமா பாஸா என்ற குழப்பமும் துரத்துபவருக்கு இல்லை. பாஸ்தான் என்று முன்பே தெரியும். அதேபோல ரிசீவருக்கு முழு மைதானமும் உண்டு, கார்னர்பேக்குக்குப் பின்னால் கடைசிக் காவலான சேஃப்டி கிடையாது. பந்தை மூன்று வினாடிக்குள் வீசியாக வேண்டும் என்ற நெருக்கடியும் இல்லை. கிரிக்கெட்டில் ஃபீல்டரே இல்லாத வலைப்பயிற்சியில் பேட்ஸ்மேன் அடிக்கும் அடிகளை எப்படி எடுத்துக்கொள்வோமோ, அப்படித்தான் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் வெற்றி தோல்விக் கணக்கை நான் எழுதுவதில்லை. எப்படித் தோற்றார் என்று எழுதுவேன். கால் சரியாக நகர்ந்தும், கை வைத்த இடம் தப்பிப்போய், தடுக்கும் பக்கத்து அஃபென்சிவ் லைன்மேன் ஒருவர் தோற்றால், அது ஒரு நல்ல பயிற்சியாளர் சரிசெய்துவிடக்கூடிய விஷயம். கால் நகராமல் இடுப்பை வளைத்து முன்னால் சாய்ந்து தோற்றால், அதே தோல்வி இன்னும் பல வருடம் தொடரும். செவ்வாய்க்கிழமை ஒரு அசைவில் தோற்றவர் புதன்கிழமை அதே அசைவுக்கு என்ன செய்கிறார் என்பது அதைவிட முக்கியம். மூன்று நாளும் ஒரே மாதிரித் தோற்றால் என் குறிப்பேட்டில் அவர் பெயருக்கு எதிரே பெரிய எதிர்மறைக் கோடு விழும்.

இன்னொன்று: தோற்றவுடன் ‘இன்னொரு முறை’ என்று அதே எதிராளியைக் கேட்டு வாங்கும் வீரர்கள் உண்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொள்பவர்களும் உண்டு. இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

லைன்மேன்களில் எதைப் பார்ப்பது?

இந்த வாரம் யாருக்காக உருவாக்கப்பட்டது என்று கேட்டால், லைன்மேன்களுக்காகத்தான் என்பேன். வேறு எந்த இடத்து வீரரையும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

தடுக்கும் பக்கத்தில் முதலில் பார்ப்பது, மார்பில் கை வைத்து நேராகத் தள்ளிக்கொண்டு வரும் எதிராளியை அவர் எத்தனை அடிக்குள் நிறுத்துகிறார் என்பதை. கொஞ்சம் பின்வாங்கி, முழங்காலை மடக்கி, நிலைகொண்டுவிட்டால் போதும். சறுக்கிக்கொண்டே குவாட்டர்பேக்கின் மடியில் போய் விழக் கூடாது. அடுத்தது, வெளிப்பக்கம் வருவதுபோலக் காட்டி உள்ளே திரும்புபவருக்கு உடனே இடம் மாற முடிகிறதா என்பது. கல்லூரியில் வரிசையின் ஓரத்தில் டேக்கிளாக ஆடியவரை இங்கே உள்பக்கம் கார்டாகவும் நடுவில் சென்டராகவும் நிறுத்திப் பார்ப்பார்கள். ஆட்ட நாளில் ஒரு அணி ஏழெட்டு லைன்மேன்களோடுதான் வருகிறது என்பதால், இரண்டு மூன்று இடத்தில் ஆடக்கூடியவருக்கு மதிப்பு கூடும்.

துரத்தும் பக்கத்தில் முதல் அடியின் வேகம் எல்லோர் கண்ணிலும் படும். நான் காத்திருப்பது இரண்டாவது திட்டத்துக்கு. முதல் முயற்சி தடுக்கப்பட்டதும் கை வேலையை நிறுத்திவிட்டு வெறுமனே தள்ளிக்கொண்டு நிற்கிறாரா, அல்லது எதிராளியின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று உணர்ந்து மறுபக்கம் பாய்கிறாரா?

2014-இல் ஆரன் டொனால்ட் மொபைலில் செய்தது இன்றும் பேசப்படுகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2013 பருவத்தில் அவுட்லாண்ட், லொம்பார்டி, நகுர்ஸ்கி, பெட்நாரிக் என நான்கு விருதுகளை வாங்கியவர் அவர். திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆறு அடியை ஒட்டிய உயரமும் 285 பவுண்டை ஒட்டிய எடையும்தான் கேள்வி: உள்வரிசையில் ஆட இந்த உடம்பு போதுமா? தன்னைவிடப் பெரியவர்களை மூன்று நாளும் நேருக்கு நேர் கடந்துபோய் அதற்குப் பதில் சொன்னார். ராம்ஸ் அணி அவரை 13-ஆவது இடத்தில் எடுத்தது. பிறகு மூன்று முறை லீகின் சிறந்த தற்காப்பு வீரர் ஆனார். பன்னிரண்டு அணிகள் அவரைத் தாண்டிப் போயின என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கண் முன்னே கிடைத்த பதிலைக் கூட எல்லோரும் நம்பிவிடுவதில்லை.

ரிசீவர்களையும் கார்னர்பேக்குகளையும் எப்படிப் பார்ப்பது?

பந்து கையில் விழும் தருணத்தை மறந்துவிட்டு, முதல் ஐந்து கெஜத்தைப் பாருங்கள். எதிரே நின்று மறிக்கும் கார்னர்பேக்கைத் தாண்ட ரிசீவருக்கு எத்தனை வழி தெரியும்? ஒரே வழியென்றால் இரண்டாம் நாளே எதிராளிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஓடி வந்து திரும்பும் இடத்தில் வேகத்தைக் குறைக்க எத்தனை அடி எடுத்துக்கொள்கிறார் என்பதும் முக்கியம். நிறைய அடி எடுப்பவர் தான் திரும்பப்போவதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்.

டெர்ரி மெக்லாரின் நல்ல எடுத்துக்காட்டு. ஓஹையோ ஸ்டேட்டில் நல்ல ரிசீவர்கள் நிறைந்திருந்ததால் கடைசிப் பருவமான 2018-இல் அவருக்குக் கிடைத்தது 35 கேட்ச்தான். எண்களை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் ஸ்பெஷல் டீம்ஸ் (பந்தை உதைக்கும் தருணங்களுக்கு இறங்கும் குழு) ஆளாகத் தெரிந்தார். 2019 சீனியர் பவுல் பயிற்சியில் கார்னர்பேக்குகளை விட்டு அவர் விலகி ஓடிய விதம் அந்தக் கணக்கை மாற்றியது. வாஷிங்டன் அணி அவரை மூன்றாம் சுற்றில், 76-ஆவதாக எடுத்தது. இன்று பார்த்தால் அதுவே மலிவு.

கார்னர்பேக்கிடம் நான் தேடுவது பொறுமை. ரிசீவர் தோளை அசைத்ததும் இடுப்பைத் திருப்பிவிடுபவர் ஏமாந்துபோவார். இழுத்துப் பிடிப்பவர்களையும் கவனியுங்கள். பயிற்சியில் சட்டையைப் பிடித்து வென்றால் பார்ப்பவர் கைதட்டலாம். ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். ஆட்டத்தில் நடுவர் தவறு என்று கொடியை வீசிவிடுவார். 2024-இல் டொலீடோ பல்கலைக்கழகத்தின் குவின்யன் மிட்செல் பெரிய கல்லூரி ரிசீவர்களை ஒட்டியே ஓடிக்காட்டினார். ஈகிள்ஸ் அணி 22-ஆவதாக எடுத்தது. முதல் பருவத்திலேயே தொடக்க வீரராக, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றார்.

குவாட்டர்பேக்குகளை இந்த வாரத்தில் மதிப்பிட முடியுமா?

பாதிதான் முடியும். பாஸ் என்பது நேரக்கணக்கு. ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையைவிட்டுப் போக வேண்டும். திங்கட்கிழமை அறிமுகமான ரிசீவரோடு செவ்வாய்க்கிழமை அந்தக் கணக்கு எப்படிக் கூடும்? அதனால் தரையில் விழுந்த பந்துகளை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பந்தின் வேகமும் சுழற்சியும் தெரியும். காற்று வீசும் நாளில் பக்கவாட்டுக் கோடு வரை வீச முடிகிறதா என்பது தெரியும். புதுத் திட்டத்தை வட்டத்தில் நின்று தெளிவாகச் சொல்லி, பத்துப் பேரையும் சரியான இடத்தில் நிறுத்துகிறாரா என்பதும் தெரியும். ஒயோமிங்கின் ஜோஷ் ஆலன் கல்லூரிக் காலம் முழுவதும் தன் பாஸ்களில் 56 சதவீதம் அளவுக்கே சரியாகச் சேர்த்தவர். 2018-இல் மொபைலில் அவர் கையின் பலத்தை எல்லோரும் பார்த்தார்கள். துல்லியம் பற்றிய சந்தேகத்தை அந்த வாரம் தீர்க்கவில்லை. அதைத் தீர்க்க, அவரை எடுத்த பஃபலோ அணியில் சில வருட உழைப்பு தேவைப்பட்டது.

மிசிசிப்பி ஸ்டேட்டின் டாக் பிரெஸ்காட் 2016-இல் ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதையே வாங்கினார். ஆனாலும் 135-ஆவது இடம் வரை காத்திருந்தார். அந்த ஆண்டே லீகின் சிறந்த அறிமுகத் தாக்குதல் வீரர் ஆனார்.

ரன்னிங் பேக், லைன்பேக்கர், மற்றவர்கள்?

ரன்னிங் பேக்கைக் கீழே தள்ள அனுமதி இல்லாத பயிற்சியில் அவர் எத்தனை பேரை உதறிவிட்டு ஓடுவார் என்று சொல்லவே முடியாது. லைன்பேக்கர் ஆளைப் பிடித்து வீழ்த்தும் டேக்கிளும் அப்படித்தான். இந்த இருவரும் மோதும் ஒரு பயிற்சி மட்டும் உண்மையானது: பாய்ந்து வரும் லைன்பேக்கரை ரன்னிங் பேக் தடுக்க வேண்டும். அது மனதைரியத்தைக் காட்டிவிடும். கிக்கர்களை மைதானத்தின் ஓரத்தில் தனியாகப் பார்க்கலாம், பார்ப்பவர்கள் குறைவு.

சின்னக் கல்லூரி வீரர்களுக்கு இந்த வாரம் ஏன் அவ்வளவு பெரியது?

அவர்களின் ஆட்டப் பதிவுகளைப் பார்க்கும் ஸ்கவுட்டுக்கு வரும் சந்தேகம் ஒன்றுதான்: எதிரே நின்றவர்கள் யார்? ஒரு பையன் தன் எதிராளிகளைத் தூக்கிப் போடுகிறான் என்றால், இவன் பலசாலியா, அவர்கள் பலவீனர்களா? எத்தனை மணி நேரம் பார்த்தாலும் பதிவிலிருந்து அதற்குப் பதில் வராது. மொபைலில் ஒரே பிற்பகலில் வந்துவிடும்.

நியூயார்க் மாநிலத்தின் ஹோபார்ட் கல்லூரி, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்தது. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கிருந்து 2015-இல் ஆலி மார்பெட் வந்தார். பெரிய கல்லூரிகளின் துரத்தும் ஆட்களுக்கு எதிராக நிலைகொண்டு நின்றார். டாம்பா பே இரண்டாம் சுற்றில், 61-ஆவதாக எடுத்தது. மூன்றாம் பிரிவிலிருந்து ஒருவர் அவ்வளவு மேலே போனதே இல்லை. பிறகு அதே அணியோடு சூப்பர் பவுலும் வென்றார்.

குவின் மைனர்ஸின் கதை இன்னும் கடினமானது. விஸ்கான்சின்-ஒயிட்வாட்டர் என்ற மூன்றாம் பிரிவுக் கல்லூரி. 2020-இல் கொரோனாவால் அவருடைய கடைசிப் பருவமே நடக்கவில்லை. ஸ்கவுட்டுகளிடம் காட்டப் புதிய பதிவு ஒன்றும் இல்லை. கல்லூரியில் கார்டாக ஆடியவர், சும்மா இருந்த காலத்தில் சென்டர் வேலையைப் பழகிக்கொண்டு 2021 சீனியர் பவுலுக்கு வந்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஆட்டமே ஆடாதவர் அந்த வாரத்தில் பேசப்பட்ட முக்கியப் பெயர்களில் ஒருவர் ஆனார். டென்வர் 98-ஆவதாக எடுத்தது. 2024-இல் லீகின் முதல் நிலை ஆல்-ப்ரோ அணியில் (அந்த ஆண்டின் சிறந்தவர்களின் பட்டியல்) இடம்பெற்றார். அந்த ஒரு வாரம் கிடைக்காமல் போயிருந்தால் அவர் பெயர் எந்தச் சுற்றில் வந்திருக்கும், வந்திருக்குமா என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஈஸ்டர்ன் வாஷிங்டனின் கூப்பர் கப் (2017), நார்த் டகோட்டா ஸ்டேட்டின் கார்சன் வென்ட்ஸ் (2016) ஆகியோரும் இதே வழியில் வந்தவர்கள். இப்போது கல்லூரி மாறும் விதிகள் தளர்ந்து, விளையாட்டால் பணம் ஈட்டவும் வழி வந்துவிட்டதால், சின்ன இடத்தில் மின்னுபவர்கள் நடுவிலேயே பெரிய கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். மைனர்ஸ் மாதிரியான வரவு குறையும் என்பது என் கணிப்பு.

உயரம், கை நீளம் எல்லாம் எதற்கு அளக்கிறார்கள்?

கல்லூரிகள் அச்சிடும் உயரத்தை யாரும் நம்புவதில்லை. அங்கே ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் கூட்டிப் போடுவது சாதாரணம். பயிற்சி வாரத்தில் உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம், விரித்த கைகளின் அகலம் எல்லாவற்றையும் முறையாக அளக்கிறார்கள். உயரத்தை நான்கு இலக்கமாக எழுதுவது ஸ்கவுட்டுகளின் வழக்கம்: முதல் இலக்கம் அடி, அடுத்த இரண்டு அங்குலம், கடைசி இலக்கம் அங்குலத்தின் எட்டில் பங்கு. 5105 என்றால் 5 அடி 10 அங்குலம், அதோடு எட்டில் ஐந்து பங்கு. அது ரஸல் வில்சனின் உயரம். 2012-இல் அந்த எண்ணுக்காகவே பலர் அவரை ஒதுக்கினார்கள். 75-ஆவதாக எடுத்த சியாட்டில் இரண்டே பருவத்தில் சூப்பர் பவுல் வென்றது.

2022-இல் குவாட்டர்பேக் கென்னி பிக்கெட் மொபைலில் தன் உள்ளங்கையை அளக்க விடவில்லை. பிறகு இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைன் என்ற சோதனை முகாமில் எட்டரை அங்குலம் என்று பதிவானது. அவ்வளவு சிறிய கையால் ஈரப் பந்தைப் பிடிக்க முடியுமா என்ற விவாதம் வாரக்கணக்கில் ஓடியது. என்னைக் கேட்டால், லைன்மேனின் கை நீளம் உண்மையில் உதவும் அளவு. எதிராளியை முதலில் தொடுபவருக்கே அனுகூலம். மற்ற அளவுகளை ஆட்டத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பயிற்சி கொடுக்கும் அணிக்குக் கூடுதல் லாபம் உண்டா?

இருந்தது, நிறையவே. 2022 வரை இரண்டு என்.எஃப்.எல். அணிகளின் முழுப் பயிற்சியாளர் குழுவும் வந்து ஆளுக்கொரு அணியை நடத்தும். மற்றவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்க, இவர்கள் அறைக்குள் பாடம் எடுத்து, மறுநாள் யாருக்கு நினைவிருக்கிறது என்று பார்ப்பார்கள். 2013-இல் டெட்ராய்ட் லயன்ஸ் குழு தெற்கு அணியை நடத்தியது. அதில் கானாவிலிருந்து வந்து, 2010-இல்தான் முதன்முதலாக ஃபுட்பாலைத் தொட்ட ஸிகி ஆன்ஸா இருந்தார். அவ்வளவு குறைவான அனுபவம் உள்ளவர் எவ்வளவு வேகமாகக் கற்கிறார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த டெட்ராய்ட், அவரை ஐந்தாவது இடத்தில் எடுத்தது. 2019-இல் சான் ஃபிரான்சிஸ்கோ குழு நடத்திய அணியில் டீபோ சாமுவேல் ஆடினார். அந்த அணியே 36-ஆவதாக எடுத்துக்கொண்டது.

2023 முதல் சீனியர் பவுலில் பல அணிகளிலிருந்து பயிற்சியாளர்களைக் கலந்து அழைக்கிறார்கள்.

மைதானத்துக்கு வெளியே என்ன நடக்கிறது?

மாலைகளில் நேர்காணல். அணிகளின் ஆட்கள் வீரர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவார்கள். குடும்பம், காயங்கள், கல்லூரி ஏன் மாறினாய், அந்தப் பருவத்தில் ஏன் வெளியே உட்காரவைத்தார்கள்? அப்புறம் ஒரு ஆட்டக் காட்சியைப் போட்டு, ‘இதில் உன் வேலை என்ன, பக்கத்தில் இருந்தவன் வேலை என்ன’ என்று கேட்பார்கள். இரண்டாவது கேள்விதான் ஆளைக் காட்டும். தூரத்திலிருந்து பார்க்கும் நமக்கு இந்தப் பகுதி கிடைக்காது. நம் மதிப்பீட்டுக்கும் அணிகளின் முடிவுக்கும் வரும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இங்கிருந்தும் மருத்துவ அறிக்கைகளிலிருந்தும் வருகிறது.

எல்லா நல்ல வீரர்களும் வருகிறார்களா?

இல்லை. முதல் சில இடங்கள் உறுதி என்று தெரிந்தவர்களை, காயம் ஆகிவிடுமோ என்று முகவர்கள் தடுப்பார்கள். சிலர் இரண்டு நாள் நன்றாக ஆடிவிட்டு மூன்றாம் நாள் ஒதுங்கிவிடுவார்கள். அதைக் குற்றமாக நான் எழுதுவதில்லை. ஒரு முழங்கால் போனால் போவது அவர்களுடைய வாழ்க்கை. படிப்பு முடியும் முன்பே டிராஃப்டுக்கு வருபவர்களுக்கு நெடுங்காலம் கதவு மூடியிருந்தது. 2024 ஆட்டங்களிலிருந்து அவர்களுக்கும் அனுமதி கிடைத்தது.

வயதையும் பாருங்கள். கொரோனா காலத்தில் கிடைத்த கூடுதல் பருவத்தால் 24, 25 வயதில் வந்தவர்கள் உண்டு. அந்த வயது உடம்போடு 21 வயதுப் பையனைத் தள்ளி விழவைப்பதில் நான் அதிகம் மகிழ்வதில்லை. அந்த 21 வயதுக்காரர் மூன்றாம் நாள் சமாளித்து நின்றால், அவர் பெயருக்குக் கீழேதான் கோடு போடுவேன்.

பயிற்சியில் ஜொலித்துவிட்டுப் பிறகு காணாமல் போனவர்கள் உண்டா?

நிறைய. 2016-இல் ஈஸ்டர்ன் கென்டக்கியின் நோவா ஸ்பென்ஸ் துரத்தும் ஆட்களில் தனித்துத் தெரிந்தார். டாம்பா பே 39-ஆவதாக எடுத்தது. முதல் பருவத்தில் ஐந்தரை சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது). அப்புறம் தோள் காயங்கள் வந்தன, அந்த உயரத்துக்கு அவர் திரும்பவேயில்லை. பயிற்சி வாரம் உடம்பின் தாக்குப்பிடிப்பைச் சொல்லாது. பதினேழு ஆட்டம் ஆடும் பருவம் வேறு.

ஆகவே மொபைலுக்குப் போகும்போதே ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போக வேண்டும் என்பது என் பிடிவாதமான கருத்து. ஆகஸ்டிலிருந்து அந்தந்தப் பகுதியின் ஸ்கவுட் கல்லூரிகளுக்குப் போய் எழுதிய அறிக்கை ஏற்கெனவே இருக்கிறது. அதில் தீராத சந்தேகம் எது? டொனால்டுக்கு உயரம், மார்பெட்டுக்கு எதிராளியின் தரம், மெக்லாரினுக்கு வாய்ப்புக் குறைவு. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் மதிப்பை மாற்றலாம். கேள்வி இல்லாமல் போனால், அன்று யார் அழகாக ஒரு ஆளைத் தாண்டினாரோ அவரைக் காதலித்துவிட்டு வருவோம்.

வீட்டிலிருந்து பார்ப்பவர் எப்படித் தொடங்கலாம்?

பயிற்சிகள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகின்றன. சமூக ஊடகத்தில் வரும் பத்து வினாடித் துண்டுகளை மட்டும் நம்ப வேண்டாம். வென்ற காட்சிகளைத்தான் பகிர்வார்கள். அதே வீரர் அதற்கு முன் மூன்று முறை தோற்றது அதில் வராது. தோள்கவசத்தில் பொருத்திய சில்லு காட்டும் வேகத்தைப் பட்டியலாக வெளியிடும்போது, அது பந்தைத் துரத்திய ஓட்டமா, வெறும் ஓட்டமா என்று பாருங்கள்.

முதல் தடவையென்றால் ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரின் இரண்டு கல்லூரி ஆட்டங்களை முன்பே முழுதாகப் பாருங்கள். ஒன்று அவர் நன்றாக ஆடியது, இன்னொன்று சொதப்பியது. சந்தேகத்தை ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு மூன்று நாளும் அந்த ஆறு பேரை மட்டும் பின்தொடருங்கள், பந்து எங்கே போனாலும் சரி.

இந்த வாரம் முடிந்ததும் என்ன?

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன். ஓட்டம், தாண்டுதல், விரிவான மருத்துவச் சோதனை. மார்ச்சில் கல்லூரிகளிலேயே நடக்கும் சோதனை நாளான ப்ரோ டே. ஏப்ரல் கடைசியில் ஏழு சுற்று டிராஃப்ட். 250-க்கும் மேல் பெயர்கள் வாசிக்கப்படும். இதற்கு நடுவே நல்ல ஸ்கவுட் செய்யும் வேலை ஒன்று உண்டு. மொபைலில் வியப்பூட்டிய வீரரின் பழைய ஆட்டங்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார். பயிற்சியில் கண்ட அந்த அசைவு அக்டோபர் ஆட்டத்திலும் இருந்ததா, தான் கவனிக்காமல் விட்டதா, அல்லது அந்த மூன்று நாளில் மட்டும் வந்ததா என்று தேடுவார். அக்டோபரிலும் இருந்தது என்றால் பட்டியலில் அந்தப் பெயர் மேலே ஏறும்.